டர்போ காரும் பெத்தணனின் கையும்

வெம்பக்கோட்டை ரோட்டிலிருந்து ஜெயச்சந்திரன் முதலாளியின் பட்டாசுக் கம்பெனிக்குத் திரும்பும் இடத்தில் ஒரு சின்ன இறக்கம் இருக்கிறது. அந்த இறக்கம் ஆரம்பிக்கும்போதே டிரைவர் பெத்தணன் என்ஜினை அணைத்துவிடுவார். அதற்கப்புறம் வண்டி தன் பாட்டுக்கு உருண்டு வரும். டயருக்கு அடியில் சரளைக்கல் நெரியும் சத்தம் மட்டும் கேட்கும். கேட்டுக்கு முன்னால், கோடு போட்டது போல ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

"ஒங்க வண்டி வர்றது காதுல விளவே மாட்டேங்குது மாமா. பூனை மாதிரி வந்து நிக்கீக" என்பான் வாட்ச்மேன் முத்துக்கருப்பன்.

"ஒனக்குக் காதுதான் கேக்காதே. கண்ணையாவது தொறந்து வையி" என்பார் பெத்தணன். சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இருக்காது. முத்துக்கருப்பன்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சிரிப்பான்.

பட்டாசுக் கம்பெனிக்குள் ஓடுகிற என்ஜினோடு எந்த வண்டியும் போகக்கூடாது. கேட்டில் அணைத்துவிட்டு ஆள் வைத்துத் தள்ளித்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். பீடி, தீப்பெட்டி, செல்போன் எல்லாவற்றையும் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பக்கத்து டிரைவர்கள் எல்லோருக்கும் பழகிப்போன சட்டம் அது. ஆனால் மற்றவர்கள் கேட்டில் மட்டும் அணைப்பார்கள். பெத்தணன் எல்லா இடத்திலும் அணைப்பார். டீக்கடை, கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி வாசல், விருதுநகர் ரயில்வே கேட், எங்கே நின்றாலும் நிற்பதற்கு முன்பே சாவி திரும்பியிருக்கும். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறார் என்று முதலாளி வீட்டில் நல்ல பெயர்.

அவர் பெட்ரோலுக்காக அணைக்கவில்லை என்பது தாயில்பட்டியில் அவர் தெருவுக்குத் தெரியும்.

பெத்தணனின் மனைவி பஞ்சம்மாள் வேறொரு கம்பெனியில் திரி சொருகும் வேலை பார்த்தாள். சீசன் சமயம். லோடு ஏற்ற ஒரு வேன் வந்து நின்றிருந்தது. மத்தியானம் அவள் உட்கார்ந்திருந்த அறை வெடித்தது. வேனின் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது என்று சிலர் சொன்னார்கள். வெயில் என்றார்கள் சிலர். வெடிமருந்து கலந்தவன் கை உரசிவிட்டது என்றும் சொன்னார்கள். உண்மையைச் சொல்லக்கூடியவர்கள் அந்த அறைக்குள்ளேயே இருந்தார்கள். அவர்களில் ஒருவரும் வெளியே வரவில்லை.

பெத்தணன் அழவில்லை. சொந்தக்காரர்கள் அவரைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தபோது, அவர்கள் சேலை தரையில் இழுபடுகிறதே என்று தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து இருக்கன்குடி மாரியம்மனைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். அம்மன் முகத்தைப் பார்த்தாவது உடைந்து அழுதுவிடமாட்டாரா என்று ஏங்கினார்கள். அவர் சன்னதியில் நின்றார், திருநீறு பூசினார், வெளியே வந்து செருப்பைத் தேடினார். அவ்வளவுதான். நெஞ்சு இருக்கும் இடத்தில் யாரோ பழைய சாக்கை மடித்து வைத்தது போல இருக்கிறது என்று ஒருமுறை சொன்னாராம். அதற்கப்புறம் அதையும் சொல்லவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு உயிர் இருந்தது. மகள் மாரிசெல்வி மருந்து வாடை இல்லாமல் வளர வேண்டும். பஞ்சம்மாள் இருந்தபோது இரண்டு பேரும் பேசி வைத்தது அது. ஜெயச்சந்திரன் வீட்டு டிரைவர் வேலை கிடைத்ததும் அதை இறுகப் பிடித்துக்கொண்டார். அந்தச் சம்பளத்தில்தான் மாரிசெல்வி சாத்தூருக்குப் போய்க் கல்லூரியில் கணக்குப் படித்தாள். அவளோடு பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் எல்லாம் விடியற்காலையில் கம்பெனி வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் பஸ்ஸுக்கு நின்றாள். டிரைவர் வேலை போனால் அவளும் அந்த வேனில்தான் ஏற வேண்டும். தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். பெத்தணனுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

இந்த நிலைமையில்தான் முதலாளியின் மகன் மகேஷ்குமார் காருக்கு டர்போ மாட்டினான்.

மகேஷ்குமார் கோயம்புத்தூரில் என்ஜினீயரிங் படித்துவிட்டு வந்து சிவகாசியில் அப்பாவின் அச்சகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பகலெல்லாம் பட்டாசு லேபிளுக்கு நடுவில் இருப்பான், மனசு மட்டும் காரில் இருக்கும். வீட்டுக்கு இருந்தது அந்த ஒரு வெள்ளை பெட்ரோல் கார்தான். பகலில் அப்பாவைப் பெத்தணன் அதில் அழைத்துப்போவார். சாயங்காலத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அது மகேஷின் கார்.

"இந்த என்ஜின் சாதாரண என்ஜின் இல்ல பெத்தணண்ணே" என்று ஒரு நாள் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னான். "மத்த என்ஜின்ல வால்வு எப்பவும் ஒரே நேரக் கணக்குலதான் தொறக்கும், மூடும். ஊர்ந்து போனாலும் சரி, பறந்து போனாலும் சரி. இதுல வேகத்துக்குத் தக்கன அந்த நேரம் மாறும். நம்ம கம்பெனி கேட் மாதிரி வச்சுக்கிடுங்க. சும்மா இருக்கிற மாசத்துல எட்டு மணிக்குத் தொறப்போம். சீசன்ல விடியுமுன்ன தொறந்து, இருட்டுன பெறவு மூடுதோம்லா. ஆள் நெறைய உள்ள வருவாக. அதே மாதிரி இதுல காத்து நெறைய உள்ள போகும்."

"அம்புட்டுக் காத்து போதாதாக்கும்?"

"அது கதவைத் தொறந்து விடுற கதை. டர்போன்னா காத்தைப் புடிச்சு உள்ள தள்ளும். சைலன்சருக்குப் போற புகையோட வேகத்துல ஒரு சக்கரம் சுத்தும். அந்தச் சுத்துல இன்னொரு சக்கரம் வெளிக்காத்தை அமுக்கி என்ஜினுக்குள்ள அனுப்பும். காத்துக் கூட, பெட்ரோல் கூட, பவர் கூட."

"உள்ள போற காத்து அந்தப் பக்கமா வெளிய ஓடிராதா?"

மகேஷ் நிமிர்ந்து பார்த்தான். "ஓடும்ணே. உள்ள போற வால்வும் வெளிய போற வால்வும் ஒண்ணாத் தொறந்திருக்கிற நேரம் கூடிப்போச்சுன்னா, தள்ளின காத்து அப்படியே சைலன்சர்ல போயிரும். அதுக்குத்தான் கோயம்புத்தூர்ல ஒரு ஆள் கம்ப்யூட்டரை வச்சு ரெண்டுக்கும் பொருத்தம் பார்த்துத் தாராரு. கல்யாணப் பொருத்தம் மாதிரி."

"பொருத்தம் பார்த்த கல்யாணமும் புட்டுக்கிடத்தானே செய்யுது" என்றார் பெத்தணன்.

கார் கோயம்புத்தூர் போய்த் திரும்பி வந்தது. சாத்தூர் பக்கம் புதிதாக நான்கு வழி ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். முடிந்திருந்த துண்டில் மகேஷ் பெத்தணனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினான். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பானெட்டுக்கு அடியில் யாரோ மெல்ல விசில் அடிப்பது போல ஒரு சத்தம் எழுந்தது. அடுத்த நொடி முதுகு சீட்டோடு ஒட்டியது. ரோட்டோரக் கருவேல மரங்கள் ஒரே பச்சைக் கோடாகிவிட்டன.

"எப்படிண்ணே?" என்றான் மகேஷ். அவன் கண்கள் குழந்தையின் கண்களைப் போல மின்னின.

பெத்தணன் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். வேகமாக அடிக்கிறதா என்று பார்த்தார். எப்போதும் போலத்தான் இருந்தது. "நல்லா போகுது சின்ன மொதலாளி" என்றார்.

இறங்கும்போது மகேஷ் ஒன்று சொன்னான். "இதை மட்டும் மறந்துராதீக. வேகமா ஓட்டி வந்து நிறுத்தினா ஒடனே அணைக்கக் கூடாது. டர்போ பழுத்த இரும்பா இருக்கும். அதுக்குள்ள ஓடுற ஆயில்தான் அதைக் காப்பாத்துது. என்ஜின் நின்னா ஆயிலும் நின்னுபோகும். தோசைக்கல்லுல எண்ணெய ஊத்தி அடுப்புல விட்டுட்டுப் போனா கரிஞ்சு ஒட்டிக்கிடும்லா, அதே கதிதான். ரெண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டு, சூடு தணிஞ்ச பெறவு அணைங்க. கம்பெனிக்குப் போகையில ரோட்டுத் திருப்பத்துலயே நிறுத்தி ரெண்டு நிமிஷம் ஓடவிடுங்க. பெறவு அணைச்சு உள்ள போகலாம்."

பெத்தணன் சரி என்றார். மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

மறுநாள் முதலாளியை அழைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனார். திருப்பத்தில் நிறுத்த வேண்டும் என்று வழி நெடுக நினைத்துக்கொண்டே வந்தார். திருப்பம் வந்தது. நிறுத்தினார். என்ஜின் ஏற்கெனவே அணைந்திருந்தது. சாவியைத் திருப்பியது எப்போது என்று அவருக்கே தெரியவில்லை. தன் வலது கையைப் பார்த்தார். வேறு யாருடைய கையோ போல அது சாவியின்மேல் கிடந்தது.

அதற்கடுத்த நாளும் அப்படித்தான். ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்து பார்த்தார். என்ஜின் சும்மா ஓடியது. கம்பெனிப் பெண்கள் நாலைந்து பேர் தூக்குவாளியோடு காரைத் தாண்டி நடந்து போனார்கள். அவ்வளவுதான், கை கட்டை அவிழ்த்துக்கொண்டு போய்ச் சாவியைத் திருப்பிவிட்டது. பின்சீட்டில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஜெயச்சந்திரன், "என்னப்பா, வந்தாச்சா?" என்று மட்டும் கேட்டார்.

மகேஷிடம் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? கை கேட்க மாட்டேன் என்கிறது என்று எந்த டிரைவர் போய் முதலாளியிடம் சொல்வான்? வேலையை வேறு ஆளுக்குக் கொடு என்று சொல்வதும் அதுவும் ஒன்றுதான். மாரிசெல்வி இரண்டாம் வருஷத்துக்குப் போயிருந்தாள். பெத்தணன் வாயை மூடிக்கொண்டார்.

வைகாசியில் ஒரு நாள், விருதுநகரிலிருந்து திரும்பும்போது காருக்குப் பின்னால் நீலப்புகை எழுந்தது. விசில் சத்தம் அடிபட்ட நாயின் ஊளையாக மாறியிருந்தது. சிவகாசி மெக்கானிக் செல்லக்கனி டர்போவைக் கழற்றி, விரலை உள்ளே விட்டு எடுத்தான். விரல் நுனி கரியாக இருந்தது.

"பேரிங்குக்குள்ள அடுப்புக்கரி அள்ளலாம் போலிருக்கு" என்றான் செல்லக்கனி. "யாரு ஓட்டுனது? பெத்தணண்ணனா? சரிதான். இவரு பஸ் ஸ்டாண்டுல பஸ்ஸே ஓடப்படாதும்பாரே."

மகேஷ் அவர் பக்கம் திரும்பினான். "நான் சொன்னேன்லண்ணே?"

"சொன்னீக."

"பெறவு ஏன்?"

பெத்தணன் கீழே கிடந்த ஸ்பானர்களைப் பொறுக்கி வரிசையாக வைத்தார். மகேஷ் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவன் திட்டவில்லை. ஆசை ஆசையாக வாங்கிய பொம்மை உடைந்த பையனைப் போல, கரி படிந்த அந்தச் சக்கரத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் ஜெயச்சந்திரன் அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். பிரியமாகத்தான் பேசினார். "பெத்தணா, ஒனக்கும் வயசாகுது. கார் ஓட்டுறது செரமம்னா சொல்லு, லோடு ஏத்துற பக்கம் மாத்தித் தாரேன். சம்பளம் கொஞ்சம் கொறையும். அதுக்கென்ன, ஒம் பொண்ணுதான் பெரிசாயிட்டாள்ல. லேபிள் ஒட்டுற எடத்துல போட்டுருவோம். நெழல்ல ஒக்காந்து பாக்குற வேலை. சீசனுக்கு ஆள் பத்தல."

ஈரமான மனசோடு சொன்ன வார்த்தைகள்தான். கேட்டவருக்கு விடியற்காலைக் கம்பெனி வேன்தான் கண்ணில் வந்தது.

"இல்ல மொதலாளி. இனிமே ஒழுங்கா ஓட்டுதேன்" என்றார்.

மகேஷ் இரண்டாவது டர்போ வாங்கினான். இந்த முறை அவனே ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தான். டாஷ்போர்டுக்கு அடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவியைப் பொருத்தினான். அதற்கு டைமர் என்று பெயர். சாவியை உருவிக் கையில் எடுத்தாலும் என்ஜின் நிற்காது. தானாக இரண்டு நிமிஷம் ஓடி, டர்போ சூடு தணிந்த பின்தான் அணையும்.

"இனிமே ஒங்களுக்கு யோசனையே வேண்டாம்ணே. நீங்க பாட்டுக்குச் சாவியத் திருப்புங்க. அது பாட்டுக்கு ஓடும். திருப்பத்துல நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்க, எறங்கி நில்லுங்க, அணைஞ்ச பெறவு உருட்டிட்டுப் போங்க. அம்புட்டுதான்."

முதல் தடவை சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, ஓடுகிற காருக்கு வெளியே நின்றபோது பெத்தணனின் கை காற்றிலேயே சாவியை ஒருமுறை திருப்பியது. ஆனாலும் நின்றார். திருப்பத்துக்கும் கம்பெனிக்கும் நடுவே தூரம் இருந்தது. ஆட்களும் அதிகம் இல்லை. தினமும் காரிலிருந்து தள்ளிப்போய், ரோட்டுக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொள்வார். சத்தம் நின்ற பிறகுதான் திரும்புவார். இப்படியே ஆடி போய் ஆவணியும் வந்தது. மாரிசெல்வி புதுப் பாடப்புத்தகத்துக்கு அட்டை போட, அச்சு சரியாக விழாமல் கழித்த பட்டாசு லேபிள் தாள் கேட்டாள். மகேஷிடம் வாங்கிக் கொடுத்தார். வேலை நிலைத்துவிட்டது என்று நினைத்தார்.

புரட்டாசியில் ஒரு நாள் காலை, ஜெயச்சந்திரன் விருதுநகரில் இருந்தபோது கம்பெனியிலிருந்து போன் வந்தது. சோதனை போட அதிகாரி வந்து உட்கார்ந்திருக்கிறார். முதலாளி பதறிப்போனார். "வெரசா போப்பா. இதுக்குத்தான டர்போ மாட்டியிருக்கான்."

பெத்தணன் ஓட்டினார். விசில் அடங்கவே இல்லை. திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தார்.

"ஏன் நிறுத்துத?"

"டைமர் இருக்கு மொதலாளி. இங்கன நின்னு அணைஞ்ச பெறவுதான் போகணும்."

"நான் இங்கனருந்து வெயில்ல நடக்கவா? அந்த ஆபீசர் அங்கன என்னத்த எழுதிக்கிட்டிருக்கானோ. கேட்டுக்கே விடுலே."

பெத்தணன் இறக்கத்தில் விட்டார். பழைய வழக்கப்படி சாவியைத் திருப்பினார். என்ஜின் அணையவில்லை. கார் உருண்டு கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. சாவியை உருவினார். என்ஜின் ஓடியது. ஜெயச்சந்திரன் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடினார்.

கேட்டுக்கு உள்ளே, பேக்கிங் செட் வாசலில் முப்பது பெண்கள் உட்கார்ந்து பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி வந்ததால் கட்டி முடித்த பெட்டிகளை அவசரமாக வெளியே எடுத்து அடுக்கியிருந்தார்கள். கேட்டிலிருந்து ஒரு கல்லெறி தூரம்கூட இல்லை. காருக்கு அடியிலிருந்து சூடான இரும்பு வாடை வந்தது.

"வண்டியை அணைங்க மாமா" என்றான் முத்துக்கருப்பன்.

பெத்தணன் சாவியைத் தூக்கிக் காட்டினார். முத்துக்கருப்பன் சாவியைப் பார்த்தான், காரைப் பார்த்தான்.  உள்ளே ஒரு பெண் எழுந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். யாரும் கத்தவில்லை. அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு ஓடத் தெரியும். மடியில் இருந்ததைப் போட்டுவிட்டு, பின்பக்க வேலியைப் பார்த்து ஓடினார்கள்.

ஓடுகிறவர்களில் பஞ்சம்மாள் இருந்தாள். ஒரு நொடிதான். அப்புறம் அது வேறொரு பெண்ணின் நீலச் சேலையாகிவிட்டது.

பெத்தணன் மறுபடி காருக்குள் உட்கார்ந்தார். டைமர் வயரைப் பிடுங்கினால் பொறி பறக்கும். பிரேக்கைப் பலம்கொண்ட மட்டும் மிதித்து, டாப் கியரில் போட்டு, கிளட்சிலிருந்து காலைச் சடாரென்று எடுத்தார். கார் ஒருமுறை முழு உடம்பும் உதறியது. என்ஜின் நின்றுவிட்டது. அந்த அமைதியில், வேலியோரம் யாருக்கோ மூச்சு இரைப்பது கேட்டது.

அதிகாரியை அனுப்பிவிட்டு ஜெயச்சந்திரன் வெளியே வந்தபோது பெண்கள் திரும்பி வந்திருந்தார்கள். வேலி முள் கீறிய கைகளைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். ஆபீசர் முன்னால் மானம் போன கோபம் அவருக்கு.

"சாவியத் திருப்பவுமாலே தெரியாது ஒனக்கு?"

பெத்தணன் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார். டைமர் என்று சொன்னால் மகனைச் சொன்னதாகும். கேட்டுக்குப் போ என்றது யார் என்று சொன்னால் அப்பனைச் சொன்னதாகும். இரண்டையும் சொல்லிவிட்டு எந்த வேலையில் நிற்பது?

பொன்னுத்தங்கம் முன்னால் வந்தாள். பஞ்சம்மாளோடு ஒரே அறையில் திரி சொருகியவள். அந்த அறை வெடித்த நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டதால் உயிரோடு இருப்பவள். "சாவி அண்ணன் கையில இருந்துச்சு மொதலாளி. நான் பாத்தேன். சாவியில்லாம ஓடுற வண்டிய வாங்குனது அவரா? அவரை ஏன் வையுதீக?"

முப்பது பேரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் மகேஷ் பெத்தணனை அச்சகத்துக்கு வரச்சொன்னான். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கண்ணைப் பார்க்காமல் பேசினான்.

"தப்பு என் மேலதான்ணே. கேட்டுல நின்னா என்னாகும்னு நான் யோசிச்சிருக்கணும். அப்பாகிட்டயும் சொல்லிட்டேன். இந்த வண்டி இனிமே கம்பெனிக்குப் போகாது. நானே ஓட்டிக்கிடுதேன்."

"டர்போ?"

"செல்லக்கனிகிட்ட விட்டிருக்கேன். இன்னும் பார்க்கல." லேபிள் தாள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். "அப்பா ஒங்களுக்கு லோடு பக்கம் எடம் போட்டிருக்காரு. மாரிசெல்விக்கு லேபிள்ல. நாளைக்கே வரச்சொன்னாரு. கோவம்லாம் இல்லண்ணே, நல்லதுக்குத்தான் சொல்லுதாரு."

காலையிலிருந்து பெத்தணன் சட்டைப் பையிலேயே இருந்தது அந்தச் சாவி. எடுத்து மேஜையில், ஈரம் காயாத லேபிள் தாள்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எம் மக கம்பெனிக்கு வரமாட்டா சின்ன மொதலாளி. நானும் வரல. அப்பாகிட்டச் சொல்லிருங்க."

"வேற எங்கண்ணே போவீக?"

"தெரியல."

வீட்டில் மாரிசெல்வி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நடந்ததெல்லாம் பொன்னுத்தங்கம் வந்து சொல்லியிருந்தாள்.

"வேலை போச்சு தாயி."

"போயிரும்னு நெனைச்சேன்ப்பா." அவள் தலை நிமிரவில்லை. "நாளைக்குப் பொன்னுத்தங்கம் அத்தைகூட வேன்ல போறேன்னு சொல்லிட்டேன். தீவாளி வரைக்கும் பாப்போம். பெறவு படிச்சுக்கிடலாம்."

"போகக்கூடாது."

"எல்லாரும்தானப்பா போறாக. நான் என்ன மகாராணியா?"

பெத்தணன் அவள் எதிரில் உட்கார்ந்தார். ஒரு வெங்காயத்தை எடுத்தார். உரிக்கவில்லை.

"ஒங்கம்மா போன அன்னைக்கு நான் விருதுநகர்ல எண்ணெய்க் கடைக்கு லோடு எறக்கிக்கிட்டிருந்தேன். டீ வாங்கி ரெண்டு வாய் குடிச்சிருப்பேன். ஒருத்தன் ஓடியாந்து சொன்னான், அந்தக் கம்பெனி வெடிச்சுப்போச்சுன்னு. ஒங்கம்மா அறைதான்னும் சொன்னான்." அவர் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "நான் மிச்ச டீயக் குடிச்சேன் தாயி. கிளாஸ்ல இருந்ததைப் பூராவும் குடிச்சுட்டு, கிளாஸைக் கொண்டுபோயி வச்சுட்டுத்தான் வண்டிய எடுத்தேன். ஏன் குடிச்சேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. ஒன்னையப் பத்தியும் ஒருத்தன் அப்படி ஓடியாந்து சொன்னா, நான் அன்னைக்கும் அதைத்தான் செய்வேன். மனுசன் ஒரு தடவைக்கு மேல அப்படி இருக்கப்படாது."

மாரிசெல்வி கத்தியைக் கீழே வைத்தாள். கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். அது வெங்காயத்துக்காகவா, அம்மாவுக்காகவா, எதிரில் காய்ந்த கண்ணோடு உட்கார்ந்திருந்த அந்த மனுஷனுக்காகவா, அவளுக்குத்தான் தெரியும்.

"போகல" என்றாள். "நீங்க அதைக் குடுங்க, நான் உரிக்கேன்."

வேலை தேடிப் பெத்தணன் நிறைய அலைந்தார். போகிற இடமெல்லாம் என்ஜினை அணைக்கிறவர் என்று சிலர் சிரித்தார்கள். கேட்டில் ஓடவிட்டவர் என்று சிலர் பயந்தார்கள். கார்த்திகையில்தான் தாயில்பட்டியிலிருந்து சாத்தூர் வழியாக இருக்கன்குடி போகும் மினி பஸ்ஸில் இடம் கிடைத்தது. பழைய டீசல் வண்டி. டர்போவும் இல்லை, நேரம் மாறுகிற வால்வும் இல்லை. மேட்டில் ஏறும்போது கிழவனைப் போல முக்கும். சம்பளம் குறைவுதான். மாரிசெல்வியின் பஸ் காசு மிச்சமானது, அதே வண்டியில் ஏறிக் கல்லூரிக்குப் போய்வந்தாள். சாயங்காலத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். இரண்டையும் சேர்த்தால் வீடு நகர்ந்தது.

முதல் நாள், இருக்கன்குடியில் பஸ்ஸை நிறுத்தியதும் பெத்தணன் அணைத்துவிட்டார். கண்டக்டர் முனியராஜ் படியிலிருந்து ஓடி வந்தான்.

"அண்ணே, என்ன வேலை பாத்தீக? என்ஜின் ஓடணும்ணே. ஓடுனாத்தான் வண்டி கெளம்பப் போகுதுன்னு சனம் ஓடியாந்து ஏறும். அணைச்சுட்டா அம்புட்டுப் பேரும் முன்னால நிக்கிற வண்டிக்குப் போயிருவாக. கலெக்சன் இல்லேன்னா ஓனர் நாளைக்கே வேற டிரைவரப் போட்டுருவாரு, சொல்லிட்டேன்."

பெத்தணன் மறுபடி ஸ்டார்ட் செய்தார். பஸ் முழுக்க நடுங்கியது, ஜன்னல் கண்ணாடிகள் கடகடத்தன. கோயிலிலிருந்து மொட்டைத் தலையோடு பிள்ளைகள், ஈரச் சேலையோடு பெண்கள், கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். அவர் கை சாவியை நோக்கிப் போனது. பாதியில் பிடித்து, தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் பாரத்தைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"சாத்தூர், சாத்தூர், ஏறுங்க, வண்டி கெளம்பப் போகுது" என்று முனியராஜ் பொய் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஜனங்கள் ஏறினார்கள். பெத்தணன் முன்கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொடைக்கு அடியில் விரல்கள் மரத்துப்போயின. கடைசி ஆள் ஏறி, முனியராஜ் விசில் ஊதும்வரை அவர் கையை எடுக்கவில்லை.